யாரும் வராமலே அலறும் மணி

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில் உள்ள செனாய், ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. 1974ஆம் ஆண்டில் அங்கு விமான நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்பேட்டைகளும், வரிசை வீடுகள் நிறைந்த தாமான்களும் பெருகின. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பகல் முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. விடியுமுன் புறப்பட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரும் இவ்வட்டாரத்தில் உண்டு. எனவே, பலர் தங்கள் வீடுகளில் திருட்டு அபாய மணியைப் பொருத்தியிருக்கின்றனர்.

சில வேளைகளில் இந்த மணி, திருடன் எவனும் வராதபோதே நள்ளிரவில் அலறத் தொடங்கிவிடும். முதல் நாள் அக்கம் பக்கத்தார் பதறி ஓடி வருவர். அடுத்த முறை சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பர். மூன்றாவது முறை சன்னலைச் சாத்திவிட்டு உறங்கப் போய்விடுவர். ‘புலி வருது’ கதையில் நடந்தது இங்கும் நடக்கிறது. சில வீட்டார் எரிச்சலடைந்து, சைரனுக்குச் செல்லும் கம்பியையே பிடுங்கிவிடுகின்றனர். பணம் செலவழித்து வாங்கிய காவல் அன்றோடு முடிந்துவிடுகிறது. ஆதலால், மணி ஏன் அலறுகிறது என்பதைக் கண்டறிவது, திருட்டைத் தடுக்கும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு அபாய மணிக்கு, அமெரிக்காவைச் சேர்ந்த அகஸ்டஸ் ரசல் போப் என்பவர் 1853ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறந்தால் மின்சுற்று இணைந்து, மின்காந்தம் ஒரு சுத்தியலை அசைக்கும். அது மணியை அடிக்கும். இதில் ஒரு குறை இருந்தது. கம்பியை முன்கூட்டியே வெட்டிவிட்டால் மணி ஊமையாகிவிடும். கம்பி தானாக அறுந்து போனாலும் வீட்டாருக்குத் தெரிய வராது.

இக்காலக் கருவிகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இயங்குகின்றன. கதவுகள் மூடியிருக்கும்போது கம்பிகளில் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அது தடைபட்டால் மணி ஒலிக்கும். கதவைத் திறந்தாலும், கம்பியை வெட்டினாலும், இணைப்பு துருப்பிடித்துக் கழன்றாலும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒன்றுதான். சுருங்கச் சொன்னால், மணி பேசாமல் இருப்பதற்குத்தான் மின்னோட்டம் வேண்டும். பழுது ஏற்பட்டால் ஊமையாகிவிடாமல் அலற வேண்டும் என்றே இது வடிவமைக்கப்பட்டுள்ளது.

வீட்டின் வெளிச்சுவரில் உயரமாகப் பொருத்தப்படும் சைரனிலும் இதே முறை உண்டு. பல சைரன் பெட்டிகளுக்குள் தனியாக ஒரு சிறிய மின்கலம் இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மின்சாரம் அதற்கு ஓயாமல் மின்னேற்றம் செய்துகொண்டிருக்கும். அந்த மின்சாரம் நின்றால், கம்பியை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சைரன் ‘முடிவு செய்து’, தன் சொந்த மின்கலத்தின் துணையால் அலறத் தொடங்கும்.

செனாய் போன்ற ஊர்களில் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். மலேசியா இடி மின்னல் மிகுந்த நாடு. குறிப்பாக, பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் கனமழை பெய்யும். மின்னலால் மின்தடை ஏற்படும். அப்போது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் மின்கலம் பொறுப்பேற்க வேண்டும். புதிய மின்கலமாக இருந்தால் பல மணி நேரம் தாங்கும். ஆனால், இவ்வகை ஈய அமில மின்கலம் ஏறக்குறைய 3 முதல் 5 ஆண்டுகள் வரையே நன்றாக உழைக்கும். மாடிப்படியின் அடியிலோ கூரையை ஒட்டியோ வெக்கையில் கிடந்தால் அதன் ஆயுள் இன்னும் குறையும். சுற்றுப்புற வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில்நுட்பர்களின் பொதுக் கணக்கு. வலுவிழந்த மின்கலம் சற்று நேரத்திலேயே சோர்ந்துவிடும். சைரனுக்குச் செல்லும் மின்சாரமும் தாழ்ந்துவிடும். மாலையில் மின்சாரம் தடைபட்ட வீட்டில் நள்ளிரவில் சைரன் அலறுவது இதனால்தான்.

இதனை அடையாளம் காண ஒரு வழி உண்டு. இரகசிய எண்ணை அழுத்திய பிறகும் சைரன் நிற்காமல் ஒலிக்கிறதா? விசைப்பலகையில் எந்தக் கதவின் எண்ணும் தோன்றவில்லையா? அப்படியானால், கட்டுப்பாட்டுப் பெட்டி சைரனை ஒலிக்கச் சொல்லவில்லை. சைரன் தானாகவே ஒலிக்கிறது என்று கருதலாம். அப்போது ஐயப்பட வேண்டியவை மின்கலங்களும் சைரனுக்குச் செல்லும் கம்பியுமே. சைரன் பெட்டியின் மூடி தளர்ந்திருந்தாலும் இப்படி நேரலாம். மூடியை யாரேனும் கழற்றினால் ஒலி எழுப்புவதற்காக உள்ளே ஒரு சிறு பொத்தான் வைக்கப்பட்டிருக்கும். ஆணி துருப்பிடித்து மூடி சற்றே விலகினாலும் அந்தப் பொத்தானுக்கு அது திருடனின் கைதான்.

விசைப்பலகையில் ஓர் எண் தோன்றினால் தேடும் இடம் வேறு. வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பகுதி, எத்தனை மணிக்கு மணியை எழுப்பியது என்பதைப் பல கருவிகள் பதிவு செய்து வைக்கின்றன. பெரும்பாலான வீட்டார் இப்பதிவைத் திறந்தே பார்ப்பதில்லை. பழுது பார்க்க வருபவர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த எண் கதவைக் குறித்தால், காந்தத் தொடுகையைக் கவனிக்க வேண்டும். கதவில் ஒரு காந்தமும் நிலையில் ஒரு சிறிய விசையும் எதிரெதிரே இருக்கும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிப் போனாலோ, கீல் தளர்ந்து கதவு இறங்கினாலோ, இரண்டுக்கும் இடைவெளி கூடிவிடும். பிறகு, பலத்த காற்றில் கதவு ஒருமுறை அதிர்ந்தாலே போதும்.

அந்த எண் வரவேற்பறையையோ கூடத்தையோ குறித்தால், அங்குள்ள அகச்சிவப்பு உணரியைப் பார்க்க வேண்டும். மனித உடல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை எப்போதும் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட வெப்பமுடைய ஒன்று நகரும்போது, உணரி அந்த மாற்றத்தைக் கண்டுகொள்கிறது. அதன் முகப்பில் உள்ள வரிவரியான நெகிழிவில்லை, பிரான்சு நாட்டு அறிவியலாளர் பிரெனெல் கலங்கரை விளக்கங்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய வில்லையின் வழிவந்தது. கப்பல்களுக்கு வழிகாட்டிய கண்ணாடியின் பேரப்பிள்ளை இன்று வீட்டு மூலையில் காவல் காக்கிறது!

இந்த உணரியை ஏமாற்றுவதில் பல்லிக்கு இணையில்லை. பல்லி சிறிய உயிர்தான். ஆனால், வில்லையின் மீதே ஊர்ந்தால் அது பேருருவாகிவிடும். கட்டைவிரலைக் கண்ணருகே வைத்தால் எதிரிலுள்ள மாடி வீடே மறைந்துவிடுகிறது அல்லவா? அது போலத்தான். சிலந்தி வலை ஆடுவதும், வெயிலில் சூடேறிய திரைச்சீலை காற்றில் அசைவதும் இதே குழப்பத்தை உண்டாக்கும். உணரிக்குள் எறும்புகள் கூடு கட்டுவதும் நம் நாட்டில் புதிதன்று. உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதும், கம்பி நுழையும் துளையை அடைப்பதும் பெரும்பாலான தொல்லைகளைத் தீர்த்துவிடும்.

வில்லையைத் துடைப்பது, பதிவைப் படிப்பது, கதவின் இடைவெளியைப் பார்ப்பது ஆகியவற்றை வீட்டாரே செய்யலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது அப்படியன்று. அதற்குள் வீட்டு மின்சாரம் நேரடியாக வருகிறது. தொட்டால் உயிருக்கே ஆபத்து. உயரத்தில் இருக்கும் சைரனை ஏணி வைத்துக் கழற்றுவதும் மாணவர்கள் செய்யக்கூடிய வேலையன்று. மேலும், முறையறியாமல் மின்கலத்தைக் கழற்றினால், முன்னர் கூறிய காரணத்தால், சைரன் இன்னும் உரக்க அலறத் தொடங்கும். இவற்றைத் தகுதி பெற்ற தொழில்நுட்பரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் புதிய மின்கலத்தைப் பொருத்தும்போது, அதன் மேல் அன்றைய தேதியை எழுதி வைக்கச் சொல்லலாம். அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பழுது நீங்கிய பின் மணியை ஒருமுறை ஒலிக்கவிட்டுச் சோதிப்பது வழக்கம். அதற்கு முன், பக்கத்து வீடுகளுக்கும் ருக்குன் தெத்தாங்கா உறுப்பினர்களுக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். மணி பழுதாக இருந்ததையும், இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டதையும் அப்போதே தெரிவித்துவிட்டால், இனி ஒலிக்கும்போது அவர்கள் சன்னலைச் சாத்தாமல் 999 எண்ணை அழைப்பர்.