எல்லையில் நிற்பவருக்கு முதலில் ஊசி

பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளை வந்தால் கேரளம் முடிகிறது. அப்பால் களியக்காவிளை; தமிழ்நாடு. ஆனால் இப்பகுதித் தமிழ் மக்களுக்கு எல்லை என்பது வழியில் நிற்கும் ஒரு சாவடிதான். வீடு இந்த மாநிலத்தில், சந்தை அந்த மாநிலத்தில். பெண் கொடுத்தது அங்கே, பெண் எடுத்தது இங்கே. 1956 நவம்பர் 1-ந் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இரண்டும் ஒரே ராஜ்யத்தில் இருந்தவை.

2020 மார்ச் 24 நள்ளிரவு ஊரடங்கு தொடங்கியபோதுதான் எல்லையின் பாரம் இம்மக்களுக்குத் தெரிந்தது. பிறகு போக்குவரத்துக்கு வழி விட்டபோதும் தமிழக அரசின் இ-பாஸ் வேண்டும், கேரள அரசின் ஜாக்ரதா பதிவு வேண்டும் என்றார்கள். அவற்றை வாங்கிப் பார்க்கும் வேலை போலீசாருக்கு வந்தது.

ஒரு காரின் கண்ணாடி இறங்கும். உள்ளே இருப்பவர் இருமுவார். சாவடிப் போலீஸ்காரர் குனிந்து முகம் பார்த்துத்தான் பேச வேண்டும். கேரளத்தில் 2020 ஆகஸ்டு முதல், நோயாளியுடன் பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் போலீசாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பகலெல்லாம் இப்படி நின்றவர் இரவில் குவார்ட்டர்சுக்கோ, வயதான தாய் தந்தையர் இருக்கும் வீட்டுக்கோ திரும்புவார். அவருக்கு நோய் வந்தால் அது அவரோடு நிற்காது.

தயக்கம்

இந்தியாவில் 2021 ஜனவரி 16-ந் தேதி தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. முதலில் மருத்துவத் துறையினர். பிப்ரவரி தொடக்கத்தில் போலீசார் உள்ளிட்ட முன்களப் பணியாளர்கள். 60 வயதைத் தாண்டிய பொதுமக்களுக்கே மார்ச் 1-ந் தேதிதான் வாய்ப்பு வந்தது. போலீசாருக்கு ஒரு மாதம் முன்னதாகவே கிடைத்தது.

இருந்தும் பலர் தயங்கினர். "ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் என்கிறார்கள், டியூட்டிக்கு யார் போவது?" என்பது ஒரு கேள்வி. "போட்டவனுக்கும் வருகிறதே, பிறகு எதற்கு?" என்பது இன்னொன்று. அந்த நேரத்தில்தான் நடிகர் விவேக்கின் மறைவு நேர்ந்தது. மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்காக 2021 ஏப்ரல் 15-ந் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் ஊசி போட்டுக் கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ந் தேதி காலமானார். தமிழ் பேசும் ஊர்களிலெல்லாம் அச்சம் பரவியது. இதய ரத்தக் குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். அவரது மரணத்துக்கு ஊசி காரணம் அல்ல என்று மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் அதே ஆண்டு அக்டோபரில் தெரிவித்தது. ஆனால் இரண்டாவது அலை அக்டோபர் வரை காத்திருக்கவில்லை.

எண்கள் சொன்ன பதில்

கேள்விகளுக்குச் சரியான பதில் தமிழ்நாடு போலீஸ் துறையிலிருந்தே கிடைத்தது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அத்துறையின் 1,17,524 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தனர். 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை இரண்டு தவணையும் போட்டவர்கள் 67,673 பேர். ஒரு தவணை போட்டவர்கள் 32,792 பேர். போடாதவர்கள் 17,059 பேர். அதாவது ஏறக்குறைய ஏழில் ஒருவர்.

ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, ஒரே மாதத்தில், இவர்களில் 31 பேர் கொரோனாவால் இறந்தனர். அவர்களில் இரண்டு தவணை போட்டவர்கள் 4 பேர். ஒரு தவணை போட்டவர்கள் 7 பேர். போடாதவர்கள் 20 பேர். ஏழில் ஒரு பங்கினரிடமிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சாவு! ஒரு தவணை 82 சதவீதமும், இரு தவணை 95 சதவீதமும் மரணத்தைத் தடுத்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

வயதையும் மற்ற நோய்களையும் தனித்தனியே பிரித்துப் பார்த்த கணக்கு அல்ல இது. இரண்டும் போட்ட 4 பேர் இறந்ததும் உண்மை. கோவிஷீல்டு ஊசியால் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறையும் கோளாறு வந்ததும் உண்மை. இவற்றை மறைக்க வேண்டியதில்லை. குடை பிடித்தாலும் கால் நனையத்தான் செய்யும். அதற்காக இடவப்பாதி மழையில் யாரும் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. அந்த 20 பேரின் சாவு, போலீசாருக்கு ஊசி கிடைக்கத் தொடங்கிப் பத்து வாரங்கள் கழிந்த பின் நேர்ந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

திருவிதாங்கூர் காட்டிய வழி

இந்த மண்ணுக்கு இது புதிய பிரச்சினை அல்ல. பெரியம்மைக்குக் குத்தும் முறை திருவிதாங்கூருக்கு வந்தபோதும் மக்கள் பயந்தனர். ராணி கௌரி லட்சுமிபாயி ஆட்சியில், 1813-ல், அரச குடும்பத்தினரே முதலில் குத்திக் கொண்டு அந்தப் பயத்தைப் போக்கினர். பின்னர் 1879-ல் அரசு ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் கைதிகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. முதலில் முன்மாதிரி, பிறகுதான் உத்தரவு என்ற வரிசை கவனிக்கத்தக்கது.

போலீஸ் நிலையத்துக்கும் இதுவே பொருந்தும். உத்தரவு போட்டால் கையெழுத்து வாங்கலாம். நம்பிக்கை வாங்க முடியாது. இன்ஸ்பெக்டர் முதலில் சட்டைக் கையை மடக்கினால் கான்ஸ்டபிள் தானாக வருவார். ஊசிக்கு மறுநாள் ஓய்வு உண்டு, சம்பளம் பிடிக்கப்படாது என்று சொன்னால் பாதித் தயக்கம் தீரும். நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் போடாமல் முறை வைத்துப் போட்டால் டியூட்டியும் கெடாது. வீட்டில் மனைவி கேட்கும் சந்தேகத்துக்கு ஒரு டாக்டர் நேரில் பதில் சொன்னால் மீதியும் தீரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கணக்கை ரோல்காலில் படித்துக் காட்ட வேண்டும். தன்னைப் போன்ற போலீஸ்காரர்களின் கணக்கு பேசுவதுபோல் எந்தப் பிரசங்கமும் பேசாது.

2021 ஆகஸ்டு 5 முதல், கேரளத்திலிருந்து தமிழகம் செல்பவர்கள் இரண்டு தவணைச் சான்றிதழோ, நோய் இல்லை என்ற பரிசோதனைச் சான்றோ காட்ட வேண்டும் என்று ஆயிற்று. களியக்காவிளையில் அதைக் கேட்டுக் கை நீட்டியவரும் போலீஸ்காரர்தான். ஊரார் சான்றைப் பார்க்கும் அவரிடமும் ஒரு சான்று இருக்க வேண்டும் அல்லவா?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ந் தேதி கொரோனா அவசர நிலையை முடித்துக் கொண்டது. இன்று இஞ்சிவிளையில் யாரும் பாஸ் கேட்பதில்லை. பஸ்கள் நிற்காமல் போகின்றன. ஆனால் நாளை வேறொரு நோய் வந்தால், ரோட்டில் முதலில் போய் நிற்கப் போகிறவர் அதே காக்கிச் சட்டைக்காரர்தான். அந்த 20 பேரின் கணக்கை அதுவரை மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.