மாவுக்கட்டோடு கப்பல் பயணம்

கோடை விடுமுறைக்குக் கப்பலில் இடம் பதிவு செய்தாகிவிட்டது; அதற்குள் வீட்டுப் பிள்ளை காலை முறித்துக்கொண்டால் பயணத்தை ரத்து செய்வதா? என் பதினைந்து வயதுப் பேரனை மாவுக்கட்டோடு லட்சத்தீவுக் கப்பலில் அழைத்துச் சென்ற அனுபவத்தில் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலில் எலும்பு மருத்துவரின் அனுமதி வேண்டும். கட்டுப் போட்ட முதல் சில நாட்கள் வீக்கம் இருக்கும். அப்போது கிளம்பக் கூடாது. கால்விரல்கள் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ உடனே கப்பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு அருகில் கேளுங்கள். ரயில் பெட்டியில் சக்கரங்களுக்கு மேலுள்ள இருக்கையைவிட நடு இருக்கையில் ஆட்டம் குறைவு அல்லவா? கப்பலிலும் அதே கணக்குதான். குளியலறை வாசற்படி உயரமா என்றும் விசாரியுங்கள். ஊன்றுகோலின் ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரத் தளம் வழுக்கும்.

லட்சத்தீவில் பெரிய கப்பலைக் கடலிலேயே நிறுத்தி, ஆடும் சிறு படகுகளில் பயணிகளை இறக்குவார்கள். ஊன்றுகோலோடு அது ஆபத்து. கிளம்பும் முன்பே பேரனிடம் இதைச் சொன்னோம். முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டான். எல்லோரும் தீவுக்குப் போய்விட்டால் பிள்ளை மனம் உடைந்துவிடும். முறைபோட்டுக்கொண்டு ஒருவர் துணைக்கு இருங்கள்.