பிழைக்கும் விலை உண்டா?

பிள்ளைகள் ஓர் எழுத்தைத் தவறாக எழுதினால், ஆசிரியர்களாகிய நாம் சிவப்பு மையால் சுழித்து விடுகிறோம். ஆனால் அமெரிக்காவிலோ, ஓர் எழுத்து தவறாக அச்சான சின்னஞ்சிறு அட்டையைப் பெரும் பணம் கொடுத்து வாங்குவோர் இருக்கிறார்கள். பிழைக்கும் விலை உண்டா? இன்று அதனைச் சற்று ஆராய்வோம்.

பேஸ்பால் அமெரிக்க மக்கள் மிகவும் விரும்பும் விளையாட்டு. நம் பள்ளித் திடலில் பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்ஸ் போன்றது. ஒருவர் பந்தை எறிய, இன்னொருவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுவார். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் படங்களைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு, முதலில் சிகரெட் பெட்டிகளிலும், பிற்பாடு சூயிங்கம் பொட்டலங்களிலும் வைத்து விற்றார்கள். பிள்ளைகள் அவற்றைச் சேர்த்து வைத்தார்கள்.

1909 முதல் 1911 வரை சிகரெட்டுடன் வந்த அட்டைகளில் ஷெரி மகீ என்ற ஆட்டக்காரரின் அட்டையும் ஒன்று. அவர் பெயரை ஆங்கிலத்தில் எம், ஏ, ஜி, இ, இ என்று எழுதவேண்டும். அச்சில் நான்காவது எழுத்து 'ஐ' ஆகிவிட்டது. அச்சிட்டவர்கள் விரைவில் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். ஆகவே பிழையுள்ள அட்டைகள் சிலவே மிஞ்சின. அரிதாகிவிட்டதால் விலை ஏறியது. திருத்திய அட்டையோ அவ்வளவு விலை போவதில்லை.

1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டைகளில் வேறொரு வேடிக்கை. ஜோ பேஜ், ஜானி செய்ன் ஆகிய இருவரின் வரலாறும் இடம் மாறிவிட்டன. முன்புறம் ஒருவர் முகம், பின்புறம் மற்றவர் கதை! இதுவும் பின்னர் திருத்தப்பட்டது. இங்கும் தவறிய அட்டைக்கே விலை அதிகம்.

அப்படியானால் எல்லாப் பிழைக்கும் விலை உண்டா? இல்லை. 1957-இல் ஹேங்க் ஆரன் என்ற மாபெரும் வீரரின் படச்சுருளைப் புரட்டி வைத்து அச்சிட்டுவிட்டார்கள். வலக்கை ஆட்டக்காரர் இடக்கை ஆட்டக்காரராகத் தோன்றினார். சட்டையிலிருந்த 44 என்ற எண்ணும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாயிற்று. 1969-இல் அவுரேலியோ ரொட்ரிகஸ் பெயரிட்ட அட்டையில், மட்டைகளை எடுத்துக் கொடுக்கும் பையனின் படம் வந்துவிட்டது! இவ்விரண்டும் திருத்தப்படவே இல்லை. எல்லா அட்டைகளிலும் அதே பிழை இருப்பதால், பிழைக்கென்று தனி விலை கிடையாது. ஆரன் அட்டையை வாங்குவோர் ஆரனுக்காகவே வாங்குகிறார்கள்.

சில பிழைகள் அச்சு இயந்திரத்தில் நேர்பவை. வண்ணப் படத்தை மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என நான்கு மைகளால் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுகிறார்கள். ஒரு மை சரியாகப் படியாவிட்டால் படம் குறைபடும். 1990-இல் ஃபிராங்க் தாமஸ் என்ற இளம் வீரரின் அட்டைகள் சிலவற்றில் கறுப்பு மை சில இடங்களில் படியாததால், முன்புறத்தில் அவர் பெயரே இல்லாமற் போயிற்று. அவையும் இன்று அரும்பொருள்கள்.

ஆகவே, விலை பிழைக்கல்ல, அருமைக்குத்தான். யாரோ ஒருவர் கூர்ந்து பார்த்துத் திருத்தியதால்தான் அந்தப் பிழை அரிதாயிற்று.

நேயர்களே, அட்டையில் பெயர் தவறினால் சேர்ப்பவருக்கு இலாபம். நம் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து தவறினாலோ, பள்ளியில் சேர்க்கும்போதும், அடையாளக் கார்டு எடுக்கும்போதும், வேலை தேடும்போதும் அலைச்சல்தான். பதிந்த பெயரை அந்த இடத்திலேயே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். பெயர் நம்முடையது.