அரிசி மூட்டையா, அண்டை வீட்டாரா?

2020 மார்ச். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்றதும் பேரங்காடிக்கு ஓடியவர்களில் நீங்களும் ஒருவரா? ரொட்டி அடுக்கு காலி. முட்டை இல்லை. மேகி மீ கூட இல்லை!

அன்றிலிருந்து நண்பர்கள் கூடினால் ஒரு பேச்சு வராமல் இருப்பதில்லை. "கம்பத்துப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டு, நாலு கோழி வளர்த்து, காய்கறி நட்டு நிம்மதியாக இருந்துவிடலாமே!"

அமெரிக்காவில் இதைப் பேச்சோடு விடாமல் செய்து பார்ப்பவர்கள் உண்டு. அவர்களை 'பிரெப்பர்' என்கிறார்கள். நெருக்கடி வந்தாலும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று தயாராகிறவர்கள். எங்கே குடியேறலாம் என்று கவுண்டி கவுண்டியாக அலசுவார்கள். கவுண்டி என்றால் நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பகுதி.

அப்படி ஒரு கவுண்டிக்கு நாமும் மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். மத்திய மேற்கில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் வெர்னன் கவுண்டி. சுமார் 30,000 பேர் வாழும் இடம். தலைமை ஊரான விரோக்வாவில் 4,500 பேர்தான். மேற்கு எல்லையில் மிசிசிப்பி ஆறு ஓடுகிறது.

தண்ணீர் உண்டு, ஆனால்...

சுற்றுவட்டாரத்தைப் பனியுகத்தின் பனிப்பாறைகள் தேய்த்துத் தட்டையாக்கியபோது, இந்தப் பகுதி மட்டும் தப்பியது. அதனால் செங்குத்தான குன்றுகள், குறுகிய பள்ளத்தாக்குகள், கோடையிலும் ஜில்லென்று ஓடும் ஊற்று நீர். பார்த்ததும் பத்துக்குப் பத்து போடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அடியில் இருப்பது விரிசல் விட்ட சுண்ணாம்புப் பாறையும் மணற்பாறையும். மேலே கொட்டும் மாட்டுச் சாணமும் உரமும் வடிகட்டப்படாமல் கிணற்றில் இறங்கிவிடலாம். சொந்தக் கிணறு வைத்திருப்பவர் தண்ணீரை அவ்வப்போது பரிசோதித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று வெள்ளம். 2018 ஆகஸ்டு இறுதியில் ஒரே இரவில் சில இடங்களில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சிறு அணைகளில் ஐந்து உடைந்தன. அணைக்கட்டு தாங்கினாலும், அது சாய்ந்து நின்ற குன்றின் விரிசல் பாறையை அரித்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. ஊற்றைக் கொடுத்த அதே பாறை!

மண்ணும் குளிரும்

வசந்த காலத்தில் மே மாத நடுப்பகுதி வரை உறைபனி விழலாம். செப்டம்பர் கடைசியில் மீண்டும் தொடங்கிவிடும். ஆக, பயிர் செய்யக் கிடைப்பது நான்கு, ஐந்து மாதம். அதற்குள் ஓராண்டுச் சாப்பாட்டை விளைவித்து, போத்தலில் அடைத்து, நிலவறையில் சேமிக்க வேண்டும். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டி இறங்கும். ஓக் மரங்கள் நிறைய உண்டு, விறகுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை வெட்டி, பிளந்து, காய வைக்க உடம்பில் தெம்பு வேண்டும். 35 வயதில் சரி, 70 வயதில்?

விரோக்வாவில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி லா கிராஸ் நகருக்குப் போக வேண்டும். பனி கொட்டும் நாளில் அது நீண்ட பயணம்.

மிசிசிப்பிக் கரையில் ஜெனோவா என்ற சிற்றூர். அங்கிருந்த சிறிய அணுமின் நிலையம் 1987-லேயே மூடப்பட்டது. பயன்படுத்திய எரிபொருளை மட்டும் அங்கேயே கலன்களில் அடைத்து வைத்திருக்கிறார்கள். 'தொலைதூரக் கிராமம், ஆபத்தே இல்லை' என்று நினைப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலில் இல்லாத பாடம்

இத்தனைக்குப் பிறகும் வெர்னன் கவுண்டிக்கு நான் நல்ல மதிப்பெண்தான் போடுவேன். காரணம் பிரெப்பர்களின் பட்டியலில் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும் ஒன்று: அக்கம்பக்கம்.

1930-களில் கூன் வேலி பகுதி மண்ணரிப்பால் நொந்துபோயிருந்தது. சரிவில் மேலிருந்து கீழாக உழுததால் ஒவ்வொரு மழைக்கும் வயல் ஆற்றோடு போனது. 1933-இல் அமெரிக்காவின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மண்வளப் பாதுகாப்புத் திட்டம் இங்கேதான் தொடங்கியது. குன்றைச் சுற்றிக் குறுக்காக உழுவது, பயிரையும் புல்லையும் பட்டை பட்டையாக மாற்றி நடுவது, செங்குத்துச் சரிவை மரங்களுக்கு விட்டுவிடுவது. ஒருவர் மட்டும் செய்தால் பலனில்லை. மேல் வயலிலிருந்து வரும் தண்ணீர் வேலியைப் பார்த்து நிற்காதே! நூற்றுக்கணக்கான விவசாயிகள் ஒப்புக்கொண்டதால்தான் அந்த மண் மிஞ்சியது.

1988-இல் சிறு பண்ணைகள் நொடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சில விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று 'ஆர்கானிக் வேலி' என்ற பெயரில் ஆயிரத்துக்கும் அதிகமான பண்ணைகள் அதில் இருக்கின்றன. தலைமையகம் இன்றும் ஆயிரம் பேர்கூட இல்லாத லா ஃபார்ஜ் ஊரில்தான்.

இங்கே வாழும் ஆமிஷ் மக்களையும் பாருங்கள். பொது மின்சாரம் கிடையாது, சொந்தக் கார் கிடையாது, குதிரை வண்டிதான். பிரெப்பர்கள் கற்க விரும்பும் கைத்தொழில்கள் அவர்களுக்கு அன்றாட வேலை. ஆனாலும் அவர்கள் தனித்து வாழ்வதில்லை. ஒருவரின் களஞ்சியம் எரிந்தால் ஊரே திரண்டு கட்டிக் கொடுக்கும். மருத்துவச் செலவுக்குச் சபை கைகொடுக்கும். அவசரத்துக்குக் கார் வைத்திருக்கும் அண்டை வீட்டாரை அழைப்பார்கள்.

2018 வெள்ளத்துக்குப் பிறகும் இதே கதைதான். உடைந்த அணைகளை மட்டும் நொந்துகொண்டிராமல், கூன் ஓடையோர மக்கள் ஒரு குழு அமைத்து, மழைநீரை வயலிலேயே எப்படித் தேக்குவது என்று மறுபடியும் கூடிப் பேசுகிறார்கள்.

ஆக, நிலம் பார்க்கப் போகும்போது மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள், தண்ணீரைப் பரிசோதியுங்கள், மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிடுங்கள். அதோடு, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிப் பேசிவிட்டு வாருங்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளத்தில் சிக்கிய பலரை, படகோடு வந்த முன்பின் தெரியாதவர்கள்தான் மீட்டார்கள். உங்கள் மாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டில் இருப்பவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நிலம் வாங்கப் பணம் சேரும் வரை, அங்கிருந்து தொடங்கலாமே.