ரபிமார் கதைகளைத் தொடர்ச்சியோடு வாசித்தல்

ரபிமாரின் கதைகள் நம் அருளுரைகளில் பெரும்பாலும் தனித்தனித் துணுக்குகளாகவே எடுத்தாளப்படுகின்றன. ஒரு கதை எந்த விவாதத்தின் நடுவில் நிற்கின்றது, அதற்கு முன்னும் பின்னும் வருவன யாவை என நாம் வினவுவதில்லை. இதனால் நேரும் இழப்பினை, 'அக்னாயின் அடுப்பு' என வழங்கும் கதையைக்கொண்டு விளக்கலாம். பாபிலோனியத் தல்மூதில், பாபா மெட்சியா என்னும் நூலில் (59ஆ) இது இடம்பெற்றுள்ளது.

துண்டுகளாக வெட்டப்பட்டு, இடையிடையே மணலிட்டு அமைக்கப்பட்ட அடுப்பொன்று தீட்டுப்படுமா என்பதே வழக்கு. படாது என்றார் ரபி எலியேசர். படும் என்றனர் மற்ற அறிஞர். எலியேசரின் சொற்படி ஒரு மரம் இடம்பெயர்ந்தது. நீரோடை பின்னோக்கிப் பாய்ந்தது. கல்விக்கூடத்தின் சுவர்கள் சாய்ந்தன. வானத்திலிருந்து ஒரு குரலும் அவருக்குச் சான்று பகர்ந்தது. ரபி யோசுவாவோ எழுந்து, உபாகமம் 30:12ஐ ஆதாரமாகக் காட்டி, வானத்துக் குரலையும் ஏற்க மறுத்தார். அப்போது கடவுள், தம் பிள்ளைகள் தம்மை வென்றுவிட்டதாகச் சொல்லி நகைத்தார் என்கிறது கதை.

எடுத்துரைப்போர் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். சிலர் இதில் மனித அறிவின் வெற்றியைக் காண்கின்றனர். வேறு சிலர் யூதரின் செருக்கைக் காண்கின்றனர். தல்மூதோ இங்கு நிற்கவில்லை. அறிஞர்கள் எலியேசரை விலக்கி வைத்தனர். அச்செய்தியை அவர் மனம் நோகாதபடி அறிவிக்க, ரபி அக்கிபா கருப்புடை தரித்துச் சென்று, நான்கு முழம் தள்ளி அமர்ந்தார். எலியேசர் கண்ணீர் வடித்தார். ஒலிவம், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஒவ்வொன்றிலும் மூன்றிலொரு பங்கு அழிந்தது. அந்நாளில் தலைவராயிருந்தவர், அப்போஸ்தலர் 5இல் வரும் கமாலியேலின் பேரனாகிய இரண்டாம் கமாலியேல். அவருடைய சகோதரி இம்மா ஷாலோமே எலியேசரின் மனைவி. தன் கணவர் முகங்குப்புற விழுந்து முறையிடாதபடி அவள் காத்துவந்தாள். ஒருநாள் அக்காவல் தவறியது, கமாலியேல் மாண்டார். எல்லா வாயில்களும் அடைபட்டாலும், புண்படுத்தப்பட்டோரின் வாயில் மட்டும் அடைபடுவதில்லை என்று அவள் கூறுவதோடு கதை முடிகின்றது.

இம்முடிவே, கதை அங்கு வைக்கப்பட்டதன் காரணத்தை நமக்கு உணர்த்துகின்றது. அதற்கு முன்னுள்ள மிஷ்னா (4:10), பிறரைச் சொல்லால் வருத்தலாகாது என்னும் கட்டளையாகும். மனந்திரும்பியவனுக்கு அவனுடைய பழைய செயல்களை நினைவூட்டுதலும் அதில் குற்றமாகின்றது. அதைத் தொடரும் விவாதத்தில், கண்ணீரின் வாயில் அடைபடாது என்னும் கருத்தும் முன்னரே வந்துவிடுகின்றது. ஆகவே, இக்கதை அதிகாரத்தைப் பற்றியது மட்டுமன்று. வழக்கில் வென்றோர் தோற்றவருக்கு இழைத்த காயத்தைப் பற்றியதுமாகும். சன்ஹெட்ரின் 68அ, எலியேசரின் மரணத்தை விவரிக்கின்றது. 'தூயது' என்ற சொல்லோடு அவர் உயிர் பிரிகின்றது. அந்த யோசுவாவே எழுந்து, விலக்கு நீங்கிற்று என அறிவிக்கின்றார்.

யோனா ஃபிரங்கெல் போன்ற அறிஞர், இத்தகைய கதை ஒவ்வொன்றும் தன்னுள் முழுமை பெற்றது என்றனர். ஜெஃப்ரி ரூபன்ஸ்டைன் 1999இல் வெளியிட்ட நூலில், சூழலோடு இணைத்து வாசிப்பதன் பயனைக் காட்டினார். மாற்கு 5இல் யவீருவின் மகளையும் பெரும்பாடுள்ள பெண்ணையும் சேர்த்தே வாசிக்கும் நமக்கு இம்முறை புதிதன்று. அந்நியரின் நூலுக்கும் அதே நேர்மையை நாம் காட்டவேண்டும். அவ்வாறு காட்டின், பெரும்பான்மைத் தீர்ப்பு சரியாயிருப்பினும் அதனால் புண்பட்டவனின் கண்ணீர் கடவுளை எட்டுகின்றது என்னும் எச்சரிப்பு, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் நம் சபைகளுக்கும் கேட்கும்.