இசைத்தட்டின் ஊளை: அதன் பௌதிக அடிப்படை

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலே கோயில் திருவிழாவும் கலியாண வீடும் இசைத்தட்டின்றி நடைபெறாத காலமொன்று இருந்தது. ஒலியைச் சற்றே கூட்டியதும் பாட்டை விழுங்கிக்கொண்டு எழும் ஊளையை அக்காலத்தவர் மறந்திரார். கருவியை இயக்கிய கூலித் தொழிலாளியை ஏசுவதே அன்றைய வழக்கம். தவறு ஆளிலன்று, அமைப்பிலேயே இருந்தது என்பது நமது கருத்து. இன்று வீட்டில் இசைத்தட்டுக் கேட்போரையும் அதே ஊளை விட்டபாடில்லை.

ஊசியானது தட்டின் பள்ளத்தை மட்டுமன்றி, தட்டைத் தாங்கும் மேசையின் அதிர்வையும் மின்னாக மாற்றுகின்றது. அம்பிளிபயர் அதனைப் பெருக்க, ஒலிபெருக்கி மேசையை மீண்டும் அதிர்விக்கின்றது. இவ்வாறு சுற்றி வரும் அதிர்வு புறப்பட்டதினும் வலுத்துத் திரும்புமாயின் ஊளை பிறக்கும். அதற்கு முன்னரே தாழ்ந்த ஒலிகள் குழம்பிவிடும்.

எனவே ஒலிபெருக்கியை அம்மேசையிலிருந்து அகற்றுதல் முதற்பணி. அடுத்தது, சுழற்கருவியை வில்லின்மீது நிறுத்துதல். 1961இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சரின் ஏ.ஆர். கருவியில் தட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டு, மூன்று மென்விற்களில் தொங்கின. பாரத்தால் வில் 2.5 சென்ரிமீற்றர் அமிழுமாயின் அதன் இயல்பு மீடிறன் விநாடிக்கு ஏறத்தாழ 3 அதிர்வாகும்; அதன் ஒன்றரை மடங்கைக் கடந்த அதிர்வுகள் தட்டை எட்டுமுன் தளரத் தொடங்கும்.

இதற்கென விற்கப்படும் விலையுயர்ந்த தாங்கிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மிதமாகக் காற்றடைத்த சைக்கிள் ரியூப்பின்மீது கனத்த கற்பலகையொன்றை வைத்து அதன்மேற் கருவியை நிறுத்தினும் அவ்வேலை பெரும்பாலும் நடைபெறும். காற்று மிகுந்து ரியூப் இறுகினாலோ, காற்றிறங்கிப் பலகை மேசையிற் படிந்தாலோ ஊளை திரும்பிவிடும்.