வலி எங்கே தொடங்கியது?

வயிற்றுவலி வந்தால் அதை வாயு என்றோ உடற்சூடு என்றோ எண்ணிச் சீரக நீரோ மோரோ குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது நம் தருமபுரி மாவட்டத்தில் பலருக்கும் வழக்கம். பெரும்பாலான வலிகள் அவ்வாறே தணிந்துவிடும். ஆயினும், அப்பென்டிசைட்டிஸ் எனப்படும் குடல்வால் அழற்சியை அவ்வாறு விட்டுவைத்தல் ஆகாது.

பெருங்குடலின் தொடக்கத்தில், வலது அடிவயிற்றில், சிறுவிரல் போல நீண்டிருக்கும் குழாயே குடல்வால். அதில் அழற்சி ஏற்படும்போது, வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும். சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இடம்பெயர்ந்து கடுமையாகும். பசியின்மை, குமட்டல், இலேசான காய்ச்சல் ஆகியவை உடன் வரலாம். இருமினாலும் வண்டி குலுங்கினாலும் வலி மிகும்.

மருத்துவர் வலியின் வரலாற்றை விரிவாகக் கேட்பது இதனாலேயே. அறிகுறிகளுக்கும் இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கைக்கும் 10 மதிப்பெண் வரை அளித்துக் கணிக்கும் அல்வராடோ முறை 1986 முதல் வழக்கில் உள்ளது. சிறுநீரகக் கல், சிறுநீர்த் தொற்று, பெண்களுக்குச் சினைப்பைக் கோளாறு, கருக்குழாயில் தங்கிய கரு ஆகியவையும் இதே வலியைத் தரக்கூடும். ஆகவே சிறுநீர், கருவுறுதல் பரிசோதனைகளும் ஸ்கேனும் தேவைப்படுகின்றன. ஐயம் நீடித்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். முதியவர்களுக்கு அறிகுறிகள் மங்கலாகவே இருக்கலாம்.

சில வேளைகளில் முதல் பரிசோதனையில் நோய் தெளிவாகப் புலப்படாது. அப்போது நோயாளியைச் சேர்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றை மீண்டும் பரிசோதிக்கிறோம். "இன்னும் ஒன்றும் செய்யவில்லையே" என உறவினர்கள் கலங்குவது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கண்காணிப்பும் நோயறிதலின் ஒரு பகுதியே.

வீட்டில் செய்யக்கூடாதவை சில உண்டு. பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தல், இனிமா வைத்தல், வயிற்றை நீவிவிடுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும் என்பதால் மருத்துவர் பார்க்கும்வரை உணவும் நீரும் வேண்டா. கடையில் வாங்கிய மாத்திரையை ஏற்கெனவே விழுங்கியிருந்தால் மறைக்காமல் கூறுங்கள். கடும் வலி திடீரெனக் குறைந்தாலும் நிம்மதி கொள்ளலாகாது. குடல்வால் வெடித்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேரவே நெடுநேரமாகும். எனவே வலி இடம்பெயர்ந்தாலோ, ஓயாமல் மிகுந்தாலோ, இரவானாலும் 108-ஐ அழையுங்கள். வலி தொடங்கிய நேரம், தொடங்கிய இடம், இப்போது வலிக்கும் இடம் ஆகிய மூன்றையும் நினைவில் கொண்டு வாருங்கள். எங்கள் பரிசோதனை அங்கிருந்தே தொடங்குகிறது.